டூசான் பாலைவனமும் எங்க ஊர் வேலிக்காத்தானும்

லீவுக்கு சேலம் வந்து இன்னியோட பன்னெண்டு நாள் ஆகுது. நேத்து அம்மா, நான், பாப்பா மூணு பேரும் குரும்பப்பட்டி ஜூ பாத்துட்டு அப்படியே ஏற்காடு மேல ஏறிட்டோம். மான் இருக்கற இடத்துல நிக்கும்போது பாப்பா சொல்றா, "அம்மாயி, எங்க ஊர் ஜூல மலைச்சிங்கம் இருக்கு, ஓநாய் இருக்கு, ஆனா கள்ளிச்செடி தான் ரொம்ப ரொம்ப இருக்கு." அம்மா என்னை திரும்பிப் பாத்து, "கள்ளிய பாக்கவா காசு குடுத்து போறீங்க, அது நம்ம ஏரிக்கரையில கெடந்தது தானடி"ன்னு கேட்டுச்சு. இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிக்கற வரைக்கும் அதுக்கு பதில் சொல்லிட்டே போனேன், அப்பவும் முடியல, அதான் இங்க எழுதறேன்.

நான் கன்னங்குறிச்சிக்காரி. மொட்டைமாடி ஏறினா ஒரு பக்கம் சேர்வராயன் மலை, இன்னொரு பக்கம் மூக்கனேரி, இத பாத்தே வளந்தவ. கல்யாணமாகி ஆறு வருஷம் கழிச்சு அவருக்கு அமெரிக்காவுல அரிசோனா மாநிலத்துல டூசான்ல வேலை கெடைச்சு, ஒரு ஜூன் மாசம் போய் எறங்கினோம். வெயில் 42 டிகிரி. அது கூட பரவால்ல, சேலத்துக்காரங்களுக்கு வெயில் புதுசில்ல, ஆனா ஜன்னல தொறந்தா கண்ணுக்கு எட்டின வரைக்கும் பழுப்புக் கல்லும் மண்ணும் முள்ளும், வீட்டு வாசல்ல கூட புல்லு கெடையாது, ஜல்லி தான் கொட்டி வெச்சிருப்பாங்க, மத்தியானம் ரோட்டுல ஒரு மனுஷன் நடக்க மாட்டான். நாலு மாசம் ஸ்கிரீன இழுத்து மூடியே வெச்சிருந்தேன். அம்மா ஃபோன்ல "ஊரு எப்படி இருக்கு"ன்னு கேட்டா "நல்லா இருக்கும்மா"ன்னு சொல்லிட்டு வெச்சதுக்கப்பறம் உக்காந்து அழுவேன்.

அது மாறினது ஒரு சீப்பால தான். அக்டோபர்ல ஒரு நாள் பாப்பா, அப்ப அவளுக்கு அஞ்சு வயசு, பார்க்கிங் ஓரத்துல கெடந்த ஒரு முள்ளு உருண்டைய தொட்டுட்டா. சோய்யான்னு ஒரு கள்ளி, லேசா உரசினாலே துண்டு கழண்டு வந்து ஒட்டிக்கும், முள்ளு முனையில பின்பக்கமா வளைஞ்ச கொக்கி மாதிரி பொடிப்பொடியா இருக்கறதால கையால இழுத்தா இழுக்கற கையிலயும் ஏறிக்கும். எனக்கு கைகால் ஓடல, அவ கத்துறா. பக்கத்து வீட்டு அம்மா, மெக்சிகோ பக்கத்துக்காரங்க, சத்தம் கேட்டு ஒரு சாதா தலைசீவுற சீப்போட ஓடி வந்தாங்க. சீப்புப் பல்ல தோலுக்கும் உருண்டைக்கும் நடுவுல விட்டு ஒரே தட்டு, உருண்டை ஆறடி தள்ளி போய் விழுந்துச்சு, மிச்சம் இருந்த நாலு முள்ள ட்வீஸர்ல எடுத்துட்டாங்க. அப்பறம் என் தோள புடிச்சுக்கிட்டு, இந்த ஊர தெரிஞ்சுக்காம பயந்துட்டே இருக்காத, டெஸர்ட் மியூசியம் போய் பாத்துட்டு வான்னாங்க.

பேரு அரிசோனா சொனோரா டெஸர்ட் மியூசியம். மியூசியம்னு பேரு, ஆனா பெரும்பாலும் வெட்டவெளி தான், ஜூவும் பொட்டானிக்கல் கார்டனும் ஒண்ணா சேந்தது, 1952ல தொறந்தது, 98 ஏக்கர். டவுன்ல இருந்து மேக்கால ஒரு சின்ன கணவாய் தாண்டி ரோடு வளைஞ்சு எறங்கும், ரெண்டு பக்க மலையிலயும் ஆளு நிக்கற மாதிரி ஆயிரக்கணக்குல சவாரோ கள்ளி. அங்க இருக்கற மிருகம் செடி எல்லாமே அந்தப் பாலைவனத்தோடது, எங்கயோ இருந்து புடிச்சு வந்த சிங்கம் யானைன்னு எதுவும் இல்ல (பாப்பா சொன்ன மலைச்சிங்கம் அந்த ஊர் பூமா தான்), எனக்கு அது தான் ரொம்ப புடிச்சது. காட்டுப்பன்னி மாதிரியே இருக்கற ஹாவலீனா சப்பாத்திக்கள்ளிய முள்ளோட மென்னு திங்குது. ஹாரிஸ் பருந்துன்னு ஒண்ணு, குடும்பமா சேந்து வேட்டையாடும், அத நம்ம தலைக்கு மேல ஒரு சாண் உயரத்துல பறக்க விடறாங்க, பாப்பா என் கைய கெட்டியா புடிச்சுக்கிட்டா.

வழியில வாலண்டியருங்க மேஜை போட்டு நிப்பாங்க, முக்கால்வாசி வயசானவங்க, எத கேட்டாலும் நிதானமா சொல்லுவாங்க. ஒரு தாத்தா என் கையில ஒரு சாமான குடுத்தாரு, பாத்தா நம்ம கொட்டாங்குச்சி மாதிரியே கெட்டியா, நீளமா, உள்ள குழி. சவாரோவுல கீலா மரங்கொத்தி பொந்து போட்டா கள்ளி தன் தண்ணி வெளிய போகாம இருக்க அந்தப் பொந்த சுத்தி தழும்பு கட்டிக்குமாம், கள்ளி செத்து மக்கிப்போனதுக்கப்பறமும் அந்தத் தழும்பு மட்டும் அப்படியே கெடக்கும், அந்தக் காலத்துல அதையே பாத்திரமா வெச்சிருந்தாங்களாம். சவாரோ முதல் எட்டு வருஷத்துல ஒன்றரை இஞ்ச் தான் வளருமாம், கை மாதிரி நீட்டிட்டிருக்கற கெளை முளைக்கவே அம்பது எழுபது வருஷம் ஆகும், 150 வருஷத்துக்கு மேல கூட இருக்கும். அவ்ளோ சின்னக் கன்னு அந்த வெயில்ல எப்படி தாங்குதுன்னு கேட்டேன். "மர நிழல்ல"ன்னு சொல்லி கை காட்டினாரு.

திரும்பிப் பாத்தா, எனக்கு தெரிஞ்ச மரம். பொடி இலை, முள்ளு, மஞ்சள் பூத்து தொங்கற காய். நம்ம வேலிக்காத்தான்! சீமைக் கருவேலம்! ஓமலூர் பக்கம் எங்க காட்டோரத்துல அப்பா வருஷா வருஷம் ஆள் வெச்சு வெட்டி, வெட்டினதுக்கு ரெண்டு மடங்கா முளைச்சு வருமே அதே தான்னு நெனச்சேன். அதே மரம் இல்ல, பங்காளி மரம், அங்க மெஸ்கீட்ங்கறாங்க. மெஸ்கீட், ஐயன்வுட், பாலோ வெர்டே, இதுங்க நிழல்ல தான் சவாரோ கன்னு வளருது. ஏற்காட்டுல காப்பிச்செடிக்கு சில்வர் ஓக் நிழல் குடுக்கற மாதிரின்னு நேத்து அம்மாவுக்கு சொன்னதும் சட்டுனு புரிஞ்சிருச்சு.

அங்கத்து ஜனங்க அந்தக் காய காலங்காலமா இடிச்சு மாவாக்கி சாப்பிட்டிருக்காங்க. கடையில அந்த மாவு கெடைச்சுது, கேப்பை மாவோட கொஞ்சம் கலந்து அடை தட்டினேன், லேசா கருப்பட்டி மாதிரி ஒரு வாசம். இந்த மரத்தையா நாம அவ்ளோ திட்டினோம்னு அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. ஆனா யோசிச்சுப் பாத்தா நாம திட்டறதும் நியாயம் தான். அங்க அந்த விதைய துளைக்க வண்டு இருக்கு, காய திங்க கொயோட்டிங்கற நரி மாதிரி மிருகம், ஹாவலீனா எல்லாம் இருக்கு, அதோட இடம் அது. இங்க அதோட பங்காளிய 1870கள்ல வெறகுக்குன்னு கொண்டு வந்தாங்க, ஆடு மாடு காய தின்னுட்டு போற எடமெல்லாம் விதைய போட்டுச்சு, ஏரியும் வாய்க்காலும் புதராப் போச்சு. மரத்து மேல எனக்கு இப்ப கோவம் இல்ல, அதுக்காக எங்க காட்டுல அத விடவும் மாட்டேன்.

நம்ம சப்பாத்திக்கள்ளியும் அமெரிக்கக் கண்டத்துல இருந்து வந்தது தான். கள்ளி மடல்ல வெள்ளையா பஞ்சு மாதிரி ஒட்டியிருந்தத இன்னொரு வாலண்டியர் அம்மா ஒரு குச்சியால எடுத்து காகிதத்துல நசுக்கினாங்க, குங்குமத்த கொழச்ச மாதிரி அப்படி ஒரு செவப்பு. கோச்சினீல் பூச்சி, அந்தக் காலத்துல துணிக்கு சாயம் எடுத்த பூச்சி. நம்ம தென்னாட்டுல சப்பாத்திக்கள்ளி காடா மண்டிக் கெடந்தப்ப 1926ல இதோட ஒரு வகைய கொண்டு வந்து விட்டு தான் அத அடக்கினாங்க. இத சொன்னப்ப அம்மா ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு, "எங்கம்மா சொல்லும், அவங்க சின்ன வயசுல கள்ளிக்காடா இருந்துதாம், அப்பறம் தானா அழிஞ்சு போச்சுன்னு, தானா இல்லையா அது"ன்னு கேட்டுச்சு.

அங்க இன்னொண்ணும் கத்துக்கிட்டேன். கிரியோசோட்னு ஒரு புதர், அந்த இலைய ரெண்டு உள்ளங்கைக்கும் நடுவுல மூடி வாயால ஊதி மோந்து பாக்க சொன்னாங்க, மழை வாசம்! அடுத்த வருஷம் ஜூலையில மேகம் கட்டி முதல் மழை பேஞ்சப்ப ஊரே அந்த வாசம், அந்தப் பாலைவனத்துக்கு வருஷத்துல ரெண்டு மழைக்காலம், குளிர்ல ஒண்ணு, கோடையில ஒண்ணு. ஸ்கிரீன தொறந்துட்டு ஜன்னல்லயே நின்னேன், அம்மாவுக்கு ஃபோன் போட்டு மழை சத்தத்த கேக்க வெச்சேன். அதுக்கப்பறம் எங்க வீட்டு ஸ்கிரீன் பகல்ல மூடினதே இல்ல.

நேத்து ஏற்காடு பொட்டானிக்கல் கார்டன்ல ஆர்க்கிட் எல்லாம் பாத்துட்டு, குடுவைச்செடிகிட்ட பாப்பா ரொம்ப நேரம் நின்னா. அது மேகாலயா காசி மலைச் செடின்னு சொன்னேன். "அங்கிருந்து வந்து இங்க நல்லாத்தான இருக்கு"ன்னு அம்மா சொல்லிட்டு என் தலைய தடவிச்சு, நான் வேற பக்கம் பாத்துக்கிட்டேன்.

எறங்கும்போது வண்டியில அம்மா திரும்ப சவாரோ கள்ளிப் பேச்ச எடுத்துச்சு. அது பூக்குமா, எப்பன்னு கேட்டுச்சு. மே, ஜூன்ல பூக்கும்மா, வெள்ளைப் பூ, ராத்திரி விரியும், வவ்வால் வந்து தேன் குடிக்கும், மறுநாள் மத்தியானம் சுருங்கிடும், ஜூன் கடைசில செவப்பா பழம், தோஹோனோ ஓதம்ங்கற அங்கத்து பழங்குடி ஜனங்க அந்தக் கள்ளிக்குள்ள இருக்கற நீளக் குச்சியவே ஒண்ணோட ஒண்ணு கட்டி தொரட்டி மாதிரி வெச்சு பழத்த பறிப்பாங்க, மழைக்கு வேண்டிக்கிட்டு சாமி கும்பிடுவாங்கன்னு சொன்னேன். அம்மா மனசுக்குள்ளயே கணக்குப் போட்டுச்சு.

"மே மாசம் சேர்வராயனுக்கு நோம்பி இருக்கு, அது முடிச்சுட்டு வரேன். பூவு போயிட்டாலும் பழமாவது பாக்கலாம்ல. விசாவுக்கு என்னென்ன பேப்பர் வேணும்னு அண்ணன்கிட்ட எழுதிக் குடுத்துட்டு போ."