மார்க்கு கனெர்வா என்னும் வகுப்பாசிரியர்

பகலில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கும் மாலையில் வியாசர்பாடி மைதானத்தில் கால்பந்தும் சொல்லித் தருபவன் நான். ஃபின்லாந்து ஆண்கள் அணியை 8 ஆண்டுகள் வழிநடத்திய மார்க்கு கனெர்வாவும் முறையாகப் பயிற்சி பெற்ற ஆரம்பப் பள்ளி ஆசிரியர் என்று அறிந்த நாளிலிருந்து அவர் மீது எனக்குத் தனிப் பிரியம் உண்டு. தனபால் கணேஷ் இந்தத் தெருக்களில் ஆடி வளர்ந்து சென்னையின் எஃப்சி வரை சென்றவர் என்பதால், எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்குப் பெரிய ஆட்டக்காரர்களைப் பற்றி நான் புதிதாக எதுவும் சொல்ல வேண்டியதில்லை. பயிற்சியாளர்களைப் பற்றித்தான் இங்கே யாரும் பேசுவதில்லை.

கனெர்வா 1964-இல் ஹெல்சிங்கியில் பிறந்தார். அதே நகரத்தின் எச்ஜேகே கழகத்துக்குத் தற்காப்பு ஆட்டக்காரராக ஆடினார். நாட்டுக்காக 59 ஆட்டங்களில் களமிறங்கினார். ஆட்டக்காரராக அவ்வளவுதான், அவரை நட்சத்திரம் என்று யாரும் அழைத்ததில்லை. பயிற்சியாளராக அவர் பெயர் எடுத்தது 21 வயதுக்குட்பட்டோர் அணியில்தான். ஃபின்லாந்து அதுவரை எட்டியிராத அந்த வயதுப் பிரிவின் ஐரோப்பியக் கோப்பைக்கு, ஆஸ்திரியாவைப் பெனால்டியில் வென்று, 2009-இல் அணியைக் கொண்டுபோனார். ஸ்வீடனில் நடந்த அந்தப் போட்டியில் இங்கிலாந்து, ஸ்பெயின், ஜெர்மனி ஆகிய மூன்று அணிகளிடமும் தோற்றுத் திரும்பினார்கள். இங்கிலாந்துக்கு எதிராக அவர்கள் போட்ட ஒரே கோலைப் பெனால்டியில் அடித்தவர் டிம் ஸ்பார்வ். 12 ஆண்டுகள் கழித்து, பெரியவர்களின் ஐரோப்பியக் கோப்பையில் ஃபின்லாந்து முதல் முறையாக ஆடியபோது நடுக்களத்தில் நின்றவரும் அதே ஸ்பார்வ்தான். ஒரு பிள்ளையை அரும்பு மீசை வயதில் பார்த்தவர் முப்பது வயதிலும் அவனை நம்புகிறார் என்றால், அது ஆசிரியர்களுக்கே உரிய நினைவாற்றல் என்பேன்.

நான் மிகவும் மதிப்பது அதற்கு இடைப்பட்ட காலத்தைத்தான். 2011-இன் தொடக்கத்தில் அவர் தேசிய அணிக்குத் தற்காலிகப் பொறுப்பாளராக இருந்தார். பிறகு மிக்சு பாட்டலைனன் தலைமைப் பயிற்சியாளராக வர, கனெர்வா உதவியாளரானார். 2015-இல் பாட்டலைனன் நீக்கப்பட்டபோது மீண்டும் பொறுப்பேற்று நான்கு ஆட்டங்களை நடத்தினார். கிரீஸை அவர்கள் மண்ணிலேயே 1-0 என வென்றது அவற்றில் ஒன்று. நான்கில் ஒன்றில்கூடத் தோற்கவில்லை. அப்படியிருந்தும் பதவி ஸ்வீடன்காரரான ஹான்ஸ் பக்கேவுக்குப் போயிற்று, கனெர்வா மறுபடியும் உதவியாளராக அமர்ந்தார். பக்கேயின் அணி 2016 முழுவதும் ஓர் ஆட்டத்தையும் வெல்லாமல் போகவே, அந்த டிசம்பரில்தான் அந்த இருக்கை இவருக்கு நிரந்தரமாகக் கிடைத்தது.

இந்தப் பகுதியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளி அணியை ஒரு பருவம் முழுவதும் பார்த்துக்கொண்டேன். அடுத்த பருவத்தில் வெளியிலிருந்து ஒருவரை அழைத்து வந்து, 'நீங்கள் அவருக்குத் துணையாக இருங்கள் சார்' என்றார்கள். நான் இருக்கவில்லை, கோபித்துக்கொண்டு விலகினேன், இரண்டு ஆண்டுகள் மைதானத்துப் பக்கமே போகவில்லை. அந்தப் பிள்ளைகளில் இருவர் ஆட்டத்தையே விட்டுவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். கனெர்வா இருமுறை உதவியாளராகத் திரும்பிச் சென்றதை அடக்கம் என்று மட்டும் சொல்லி நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. தான் வளர்த்த பிள்ளைகள் அந்த அறையில் இருந்ததால்தான் அவரும் அங்கே இருந்தார் என்றே நினைக்கிறேன்.

ஃபின்லாந்தின் மக்கள்தொகை சுமார் 55 லட்சம், நம் சென்னை மாநகராட்சி எல்லைக்குள் வாழ்வோரைவிடக் குறைவு. யாரி லித்மனன், சாமி ஹூப்பியா போன்று ஐரோப்பியக் கழகங்களுக்கான சாம்பியன்ஸ் லீக் கோப்பையையே வென்ற ஆட்டக்காரர்கள் இருந்த காலத்திலும் அந்த அணி எந்தப் பெரிய போட்டிக்கும் தகுதி பெற்றதில்லை. அவர்கள் அளவுக்குப் புகழ் இல்லாத தலைமுறையை வைத்துக்கொண்டு, 2019 நவம்பர் 15 அன்று ஹெல்சிங்கியில் லீக்டன்ஸ்டைனை 3-0 என வென்று கனெர்வா அந்த வாசலைத் திறந்தார். அந்தத் தகுதிச் சுற்றில் டீமு புக்கி மட்டும் 10 கோல் அடித்தார். மறு ஆண்டு பாரிஸில் உலக சாம்பியன் பிரான்ஸை நட்புமுறை ஆட்டத்தில் 2-0 என வென்றதையும் சொல்லாமல் விடக்கூடாது.

பிறகு 2021 ஜூன் 12, ஐரோப்பியக் கோப்பையில் ஃபின்லாந்தின் முதல் ஆட்டம். ஊரடங்கு காலம். மொட்டை மாடியில் தம்பியின் கைப்பேசியைத் தண்ணீர்த் தொட்டி மேல் சாய்த்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். கோபன்ஹேகனில் 43-ஆவது நிமிடத்தில் டென்மார்க்கின் கிறிஸ்டியன் எரிக்சன் மயங்கி விழுந்தார். ஃபின்லாந்து ரசிகர்கள் 'கிறிஸ்டியன்' என்று கூவ, டென்மார்க் ரசிகர்கள் 'எரிக்சன்' என்று முடித்த குரல் அந்தச் சின்ன ஒலிபெருக்கியிலும் கேட்டது. கீழ்வீட்டு அக்கா எழுந்து வந்து என்ன ஆயிற்று என்று விசாரித்தார். எரிக்சனுக்கு நினைவு திரும்பிய செய்தி வந்தபின், நம் நேரப்படி நள்ளிரவில் ஆட்டம் மீண்டும் தொடங்கியது. 60-ஆவது நிமிடத்தில் ஜோயல் போயன்பாலோ தலையால் முட்டியது கோலாயிற்று, அவர் கொண்டாடவில்லை. அந்த ஆட்டத்தில் ஃபின்லாந்து கோலை நோக்கி அனுப்பிய ஒரே பந்து அதுதான். லூக்காஸ் ஹ்ராடெட்ஸ்கி ஒரு பெனால்டியைத் தடுக்க, 1-0 என வென்றார்கள். அதன் பின் ரஷ்யாவிடமும் பெல்ஜியத்திடமும் தோற்று முதல் சுற்றோடு வெளியேறினார்கள்.

அந்த இரவில் நான் கவனித்தது பின்வரிசை ஐவரின் நகர்வை. பந்து எந்தப் பக்கம் போனாலும் ஐவரும் ஒருவரையொருவர் விட்டு விலகாமல் பக்கவாட்டில் நகர்ந்தார்கள். இப்போது எங்கள் மைதானத்தில் ஐந்து பிள்ளைகளை ஒரே நீளக் கயிற்றைப் பிடித்து நிற்கச் சொல்லி, கயிறு தொய்யாமலும் அறுந்துவிடுவது போல் இழுபடாமலும் நகரப் பழக்குகிறேன். மழைக்காலத்தில் சேற்றில் வழுக்கி ஐவரும் சேர்ந்தே விழுவார்கள், சேர்ந்தே எழுவார்கள்.

அதன்பின் அவருடைய காலம் மெல்ல இறங்கியது. 2024 மார்ச்சில் வேல்ஸிடம் 4-1 எனத் தோற்று அடுத்த ஐரோப்பியக் கோப்பை கைநழுவியது. அந்த இலையுதிர் காலத்தில், ஐரோப்பிய நாட்டு அணிகள் மோதும் நேஷன்ஸ் லீகில் இங்கிலாந்து, அயர்லாந்து, கிரீஸ் ஆகியவற்றுடன் ஆடிய 6 ஆட்டங்களிலும் தோல்வி. அந்த ஆறை மட்டும் வைத்து அவரை எடைபோடுவது நியாயமில்லை என்பது என் உறுதியான கருத்து. ஆனாலும் ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையே சொல்லிக்கொள்ளப் புதிதாக ஏதும் மிஞ்சாத ஒரு வேளை வரத்தான் செய்கிறது. ஆறாவது ஆட்டம் நவம்பர் 17 அன்று ஹெல்சிங்கியில், 2015-இல் அவர் வெளியூர் சென்று வென்ற அதே கிரீஸுடன் நடந்தது. 2-0 எனத் தோற்றார்கள். அதோடு அவர் விடைபெற, டென்மார்க்கைச் சேர்ந்த யாக்கோப் ஃப்ரீஸ் அவருடைய இடத்துக்கு வந்தார்.