போகாத ஊருக்கு வழி சொன்னவர்

ஜோர்டான் நாட்டின் மாதபா நகரிலிருந்து நேபோ மலைக்கு பஸ்ஸில் அரைமணி நேரம்கூட ஆகவில்லை. மோசே வாக்குத்தத்த தேசமான கானானைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, அதற்குள் போகாமலே இறந்த மலை. மலை என்றதும் மனதில் எழும் உருவம் எதுவும் கண்ணில் படவில்லை. கிழக்கிலிருந்து போகிறவர்களுக்கு அது மேட்டுநிலத்தின் ஓரம், அவ்வளவுதான். "இதையா மோசே நூற்றிருபது வயசுல ஏறினாரு? நானே ஏறிருவேன் போல" என்றார் பக்கத்து இருக்கையில் இருந்த பாட்டி. மேற்கு விளிம்புக்குப் போனபின் அவர் பேசவில்லை. நாங்கள் நின்ற இடம் கடல்மட்டத்துக்கு மேலே ஏறத்தாழ 700 மீட்டர். எதிரே கீழே கிடக்கும் சவக்கடலோ கடல்மட்டத்துக்கும் 430 மீட்டருக்கும் அதிகமாகக் கீழே. இரண்டுக்கும் நடுவே பூமி சட்டென்று சரிந்து விழுகிறது. ஒரு புல்கூட இல்லாத மடிப்பு மடிப்பான மண்குன்றுகள். மோசே கீழே மோவாபின் சமவெளியில் இருந்தல்லவா ஏறி வந்தார்! அது வேறு ஏற்றம்.

முந்தின நாள் மாதபாவில் புனித ஜார்ஜ் ஆலயத்துத் தரையில் பதித்திருக்கும் வரைபடத்தைப் பார்த்திருந்தோம். ஆறாம் நூற்றாண்டில் சின்னச் சின்ன வண்ணக் கற்களால் செய்தது, பாதிக்கு மேல் அழிந்துவிட்டது. அதில் யோர்தான் நதி சவக்கடலில் விழும் இடத்தில் ஒரு மீன் உப்புத்தண்ணீர் வேண்டாமென்று திரும்பி எதிர்நீச்சல் போடுகிறது. எரிகோவைச் சுற்றிப் பேரீச்ச மரங்கள். மறுநாள் மலைமேல் நின்றபோது எனக்கு முதலில் கை கொடுத்தது அந்தத் தரைப்படம்தான். ஏனென்றால் கண்ணால் பார்த்ததில் பாதி புழுதி மூட்டம். பார்வைமேடையில் ஒரு பலகை வைத்து எந்தத் திசையில் எந்த ஊர், எத்தனை கிலோமீட்டர் என்று காட்டியிருக்கிறார்கள். எருசலேம் 46, கலிலேயாக் கடல் 106. பலகை காட்டிய பக்கம் எல்லாரும் விரலை நீட்டினோம். எரிகோ மட்டும் ஒரு பச்சைத் திட்டாகத் தெரிந்தது. எருசலேம் தெரிந்ததாக இரண்டு பேர் சொன்னார்கள். நான் பார்க்கவில்லை.

மோசேயின் கடைசிப் பேச்சையும் மரணத்தையும் சொல்லும் வேதப்புத்தகம் உபாகமம்; அதன் 34ஆம் அதிகாரத்தை எங்கள் குருவானவர் வாசித்தார். எங்கள் பக்கத்தில் குருவானவரை ஐயர் என்போம். வடக்கே தாண் வரைக்கும், மேற்கே கடைசிச் சமுத்திரம் வரைக்கும் கர்த்தர் அவருக்குக் காண்பித்தார் என்று வருகிறது. இந்த இடத்திலிருந்து மத்தியதரைக்கடலைப் பார்க்க முடியாது, நடுவே யூதேயா மலைகள் மறிக்கின்றன. ஆகவே மோசே தானாகப் பார்த்தது ஒரு பங்கு, கர்த்தர் காட்டியது மறு பங்கு. "இதை உன் கண் காணும்படி செய்தேன், ஆனாலும், நீ அவ்விடத்திற்குக் கடந்துபோவதில்லை" என்ற வசனத்தில் ஐயர் கொஞ்சம் நிறுத்தினார். எனக்கு அப்பா ஞாபகம் வந்தது.

அப்பா உபதேசியார், ஒரு சின்ன ஊர்ச் சபையைக் கவனித்துக்கொள்ளும் ஊழியர். தேரிக்காட்டில், செம்மண் பறக்கும் ஒரு சின்ன ஊரில் ஒன்பது வருஷம் ஊழியம். ஓலைக் கூரை போட்டிருந்த கோயிலைக் கல்கட்டடமாக்க வேண்டுமென்று ஒவ்வொரு வீட்டுப் பெண்களும் உலை வைக்கும்போது எடுத்து வைத்த பிடியரிசியை வாரா வாரம் சேர்த்து விற்று, அதிலேதான் அஸ்திவாரம் போட்டார்கள். சுவர் ஜன்னல் உயரம் வந்தபோது மாற்றல் உத்தரவு வந்தது. இன்னும் ஒரு வருஷம் கேட்டு எழுதினார். பதில் ஒற்றை வரி. மூன்று வருஷம் கழித்துப் பிரதிஷ்டைக்குப் போனோம். கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். மேடையில் பலர் பெயர் வாசித்தார்கள், அப்பா பெயர் வரவில்லை. திரும்பி வரும் வழியில் அப்பா அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஆனால் குடும்ப ஜெபத்தில் உபாகமம் மூன்றாம் அதிகாரம் வரும் நாளில் ஒரு வசனத்தை மட்டும் அவசரமாக வாசித்துத் தாண்டுவார். மோசே கெஞ்சுகிற இடம் அது. நான் கடந்துபோய் அந்த நல்ல தேசத்தைப் பார்க்க உத்தரவு கொடும் என்கிறார். வருகிற பதில், "போதும், இனி இந்தக் காரியத்தைக்குறித்து என்னோடே பேசவேண்டாம்."

அந்தப் பதிலைச் சின்ன வயதிலிருந்தே என்னால் விழுங்க முடியவில்லை. ஓய்வுநாள் பள்ளியில் காரணம் சொல்லித் தந்தார்கள். காதேசில் ஜனங்கள் தண்ணீர் கேட்டுக் கலகம் பண்ணினபோது, கன்மலையைப் பார்த்துப் பேசு என்று சொன்ன இடத்தில் மோசே கோலால் இரண்டு தரம் அடித்துவிட்டார், அதற்குத்தான் தண்டனை என்றார்கள். சரி. ஆனால் அந்த எண்ணாகமம் 20ஆம் அதிகாரத்தை மேலிருந்து வாசித்துப் பாருங்கள். முதல் வசனத்திலேயே மிரியாம் இறந்து, அங்கேயே அடக்கம் பண்ணுகிறார்கள். நாணற்பெட்டியில் கிடந்த குழந்தை மோசேக்குத் தூரத்தில் நின்று காவல் காத்த அக்கா. அடுத்த வசனத்தில் தண்ணீர் இல்லை என்று சண்டை. அதிகாரம் முடிவதற்குள் அண்ணன் ஆரோனும் போய்விடுகிறார். அக்காவைப் புதைத்த மண் காயுமுன் ஒரு மனுஷன் கோபத்தில் இரண்டு அடி அடித்ததற்கு இதுவா என்றுதான் எனக்குத் தோன்றும். இன்றைக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. நேபோவுக்குப் போய் வந்ததால் அதற்கு விடை கிடைத்துவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

ஐயர் தன் செய்தியில், மோசே பிற்பாடு இயேசு மறுரூபமான மலையில் எலியாவோடு வந்து நின்றாரே, கானானுக்குள் அவர் கால் பட்டுவிட்டதே என்றார். பலரும் ஆமென் என்றார்கள். உண்மைதான். ஆனால் எனக்கு அந்த மலையிலிருந்து அவ்வளவு சீக்கிரம் இறங்க மனம் வரவில்லை.

ஆலயத்துக்குள் போனோம். நான்காம் நூற்றாண்டிலேயே இங்கே ஒரு சின்னக் கோயில் இருந்தது. அந்த நூற்றாண்டின் கடைசியில் எகேரியா என்ற பெண் யாத்திரிகை வந்தபோது, இதுதான் மோசேயின் கல்லறை என்று அங்கிருந்த துறவிகள் ஓர் இடத்தைக் காட்டியிருக்கிறார்கள். வேதமோ அவர் பிரேதக்குழியை இந்நாள்வரைக்கும் ஒருவனும் அறியான் என்கிறது. யாத்திரை வருகிறவர்களுக்குக் காட்ட ஏதாவது வேண்டுமே, பாவம். பிறகு அது பெரிய ஆலயமாகி, இடிந்து, மண்மூடிப் போனது. 1932இல் பிரான்சிஸ்கன் துறவிகள் இந்த இடத்தை வாங்கி அடுத்த வருஷமே தோண்டத் தொடங்கினார்கள். பழைய சுவர்களையும் தரையையும் உள்ளே வைத்தே மேலே கூரை போட்டிருக்கிறார்கள். பல வருஷம் பழுதுபார்த்து 2016இல் மறுபடி திறந்தார்கள்.

கூட்டம் முழுக்க ஒரு தரைச்சித்திரத்தின் முன்தான் நின்றது. கி.பி. 530இல் செய்தது. மேலே வேறொரு தரை போட்டுவிட்டதால் பல நூற்றாண்டு மறைந்து கிடந்து, 1976இல்தான் வெளியே வந்தது. மேல்வரிசையில் நம் ஊர்க் காளை மாதிரியே திமிலோடு ஒரு மாடு மரத்தில் கட்டியிருக்கிறது, அதைக் காக்க ஒருவன் சிங்கத்தோடு மல்லுக்கு நிற்கிறான். கீழ்வரிசையில் தீக்கோழியும் வரிக்குதிரையும். அவற்றோடு உடம்பெல்லாம் புள்ளிபோட்ட ஓர் ஒட்டகம். அது ஒட்டகச்சிவிங்கியாம். கல் பதித்தவர் அதைப் பார்த்ததே இல்லை போலிருக்கிறது, யாரோ சொல்லக் கேட்டுச் செய்திருக்கிறார். ஆனாலும் புள்ளிகளை எவ்வளவு நம்பிக்கையோடு வைத்திருக்கிறார்!

அந்த ஒட்டகத்தின் முன் நின்றபோதுதான் எனக்கு உபாகமம் வேறு விதமாகத் தெரிந்தது. அந்தப் புத்தகம் பெரும்பகுதி ஒரே மனுஷன் பேசுவது. நாற்பதாம் வருஷம் பதினோராம் மாதம் முதல் தேதி பேச ஆரம்பிக்கிறார். ஓரேப் மலையிலிருந்து தேசத்தின் எல்லையில் இருந்த காதேஸ்பர்னேயாவுக்குப் பதினொரு நாள் பயணம்தான் என்று அதற்கு முந்தின வசனத்திலேயே இருக்கிறது, நாற்பது வருஷம் அலைந்தவர்களைக் குத்திக்காட்டுகிற மாதிரி. தான் அந்தத் தேசத்துக்குள் போகப்போவதில்லை என்று பேசுகிறவருக்குத் தெரியும். அப்புறம் என்ன பேசுகிறார்? புது வீடு கட்டினால் மொட்டைமாடிக்குக் கைப்பிடிச்சுவர் வை, யாராவது விழுந்துவிடப் போகிறார்கள். யாரிடமும் திரிகைக் கல்லை அடகு வாங்காதே. ஏழையின் போர்வையை அடகு வாங்கியிருந்தால் பொழுது சாயுமுன் திருப்பிக் கொடு, அவன் போர்த்திக்கொண்டு தூங்கட்டும். வயலில் மறந்துவிட்ட கதிர்க்கட்டை எடுக்கத் திரும்பிப் போகாதே, விதவைக்கும் பரதேசிக்கும் இருக்கட்டும். போரடிக்கிற மாட்டின் வாயைக் கட்டாதே.

அவருக்கு அங்கே வீடு கிடையாது. மாடி கிடையாது, வயல் கிடையாது, மாடு கிடையாது. நாற்பது வருஷமாகக் கூடாரம். ஆனால் அடுத்தவன் மாடியில் விளையாடும் குழந்தை விழாமல் இருக்க எவ்வளவு கவலை! போகாத ஊருக்கு வழி சொல்வது என்று நாம் கேலியாகச் சொல்கிறோமே, இவர் நிஜமாகவே அதைச் செய்திருக்கிறார், அதுவும் வாசல் வாசலாக. நீ சாகப்போகிறாய் என்று சொன்னபோதும், எண்ணாகமத்தில், சபை மேய்ப்பனில்லாத ஆடுகளைப்போல் ஆகிவிடாமல் இருக்க ஓர் ஆளை ஏற்படுத்தும் என்றுதான் கேட்கிறார். தனக்குப்பின் ஜனங்களை நடத்தப்போகும் யோசுவாமேல் கையை வைத்து அனுப்புகிறார். செங்கடலைப் பிளந்ததைவிட இதுதான் எனக்குப் பெரிய விசுவாசமாகத் தெரிகிறது.

அப்பா மாற்றலாகிப் போகுமுன் ஒரு நாற்பது பக்க நோட்டு எழுதினார். அடுத்து வரும் உபதேசியாருக்கு. எந்தக் கிணற்றில் சித்திரையில் உப்பு ஏறும், யார் வீட்டில் சுண்ணாம்பு கடனாகக் கிடைக்கும், எந்த விதவையிடம் பிடியரிசி கேட்கக் கூடாது, கோபுரத்துக்கு எந்தப் பக்கம் காற்று அதிகம். இரவு விளக்கைப் பக்கத்தில் வைத்து எழுதிக்கொண்டே இருந்தார். "நீங்கதான் அங்க இருக்கப் போறதில்லையே" என்று அம்மா சலித்துக்கொண்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

வெளியே வந்ததும் எல்லாரும் வெண்கல சர்ப்பத்தின் கீழ் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஃபான்டோனி என்ற இத்தாலியச் சிற்பி செய்தது. வனாந்தரத்தில் மோசே உயர்த்தின சர்ப்பமும் சிலுவையும் ஒன்றாகச் சேர்ந்த வடிவம். பக்கத்தில் 2000ஆம் ஆண்டு போப் இரண்டாம் ஜான் பால் வந்தபோது நட்ட ஒலிவமரம். எங்கள் வழிகாட்டி ஜோர்டான்காரர், முஸ்லிம். "உங்களுக்கு மோசே, எங்களுக்கு நபி மூஸா" என்று சொல்லி எதிர்ப்பக்கம் கையைக் காட்டினார். யோர்தானுக்கு அந்தப் பக்கம், எரிகோவுக்குத் தெற்கே நபி மூஸாவின் கல்லறை இருக்கிறதாம், சுல்தான் பைபர்ஸ் 1269இல் கட்டிய தர்கா. ஆக அவர்கள் கணக்கில் அவர் ஆற்றைக் கடந்துவிட்டார். எனக்கு என்னவோ சந்தோஷமாக இருந்தது.

கடைசியாகத் தொண்ணூறாம் சங்கீதத்தை எல்லாரும் சேர்ந்து வாசித்தோம். மோசேயின் ஜெபம் என்று தலைப்புள்ள ஒரே சங்கீதம் அது. எங்கள் கைகளின் கிரியையை எங்களிடத்தில் உறுதிப்படுத்தும் என்று முடிகிறது. பாட்டி கண்ணை மூடிக்கொண்டு மனப்பாடமாகச் சொன்னார். காற்றில் எங்கள் குரல் சிதறியது.

மறுநாள் காலை பாலத்தைக் கடந்தோம். சோதனை, கடவுச்சீட்டு, காத்திருப்பு என்று முக்கால் நாள் போனது. யோர்தானுக்கு மட்டும் சில விநாடிதான். நான் போனை எடுப்பதற்குள் பஸ் அந்தக் கரைக்கு வந்துவிட்டது. நாணலுக்கு நடுவே மண்நிறத்தில் ஒரு சின்ன ஓட்டம். "ஏ, நம்ம கன்னடியன் கால்வாய் மாதிரில்லா இருக்கு" என்றார் பாட்டி, நம்ப முடியாமல். நான் திரும்பிப் பின்கண்ணாடி வழியாகக் கிழக்கே பார்த்தேன். மோவாபின் குன்றுகள் ஒரே நிறத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக நின்றன. அதில் நேபோ எது என்று வழிகாட்டியைக் கேட்கலாமென்றால், அவர் அந்தக் கரையிலேயே நின்றுவிட்டிருந்தார்.