அம்மாவின் உடம்பும் உயிர்த்தெழுதலும்

இயேசுவின் உயிர்த்தெழுதல் என்றதும் நாம் வழக்கமாகப் பேசுவது இரண்டு விஷயங்கள்தான். அன்று கல்லறை காலியாக இருந்தது. நாமும் ஒருநாள் எழுந்திருப்போம். இரண்டையும் முழுமனதோடு நம்புகிறேன். ஆனால் அம்மாவைப் பார்த்துக்கொள்ளத் தொடங்கிய பிறகு, இவற்றுக்கு நடுவில் இருக்கிற சாதாரண நாட்களுக்கு அதில் என்ன இருக்கிறது என்றுதான் அதிகம் தேடுகிறேன்.

அம்மாவுக்கு மறதி நோய். இப்போது நடப்பதும் இல்லை. படுக்கைப்புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். குழைத்து ஊட்டி, வாய் துடைத்து, துணி மாற்றி முடிக்கும்போது, “நீ யாரும்மா?” என்று கேட்பார். காலையில் செய்த எதுவும் மதியம் வரை தங்காது. மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும்.

பார்க்க வருகிறவர்கள் அன்போடுதான் சொல்கிறார்கள்: “உடம்பு வெறும் கூடுதானே, ஆத்துமா கர்த்தர்கிட்ட பத்திரமா இருக்கு.” ஆறுதலுக்குச் சொல்கிறார்கள், புரிகிறது. ஆனால் ஈஸ்டர் செய்தி அது இல்லை. உடம்பு வெறும் கூடு என்றால், அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடு கல்லறையிலேயே கிடந்திருக்கும். மகதலேனா மரியாளும் மற்ற பெண்களும் சுகந்தவர்க்கம் எடுத்துக்கொண்டு போனார்கள். பூசுவதற்கு அங்கே உடல் இல்லை.

லூக்கா 24ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். ஏதோ ஆவி என்று சீஷர்கள் பயப்படுகிறார்கள். என்னைத் தொட்டுப் பாருங்கள் என்கிறார் இயேசு. அப்போதும் அவர்களுக்கு நம்ப முடியவில்லை. சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்று கேட்டு, பொரித்த மீனை வாங்கி அவர்கள் கண்முன்னே சாப்பிடுகிறார். யோவான் 20இல், சீஷனான தோமாவிடம் காட்டிய கைகளில் ஆணிகளின் காயம் இருந்தது. சாவை ஜெயித்த உடம்பில் அது மறைந்திருக்கலாமே! மறையவில்லை. பட்ட பாடு எதுவும் இல்லாததுபோல் துடைக்கப்படவில்லை. அம்மாவின் கைகளைப் பார்க்கும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்வேன்.

யோவான் 21 எனக்கு இன்னும் நெருக்கம். ராத்திரி முழுக்க வலை வீசிக் களைத்த சீஷர்கள் கரைக்கு வந்தால், அங்கே கரிநெருப்பு, மேலே மீன், பக்கத்தில் அப்பம். முன்பு ஒரு கரிநெருப்பில் குளிர்காய்ந்துகொண்டுதான் பேதுரு இயேசுவை மறுதலித்தான். அவனும் இந்தக் கூட்டத்தில் இருக்கிறான். “வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்” என்கிறார். முதலில் சாப்பாடு. “என்னில் அன்பாயிருக்கிறாயா” என்ற கேள்வியெல்லாம் அப்புறம்தான். உயிர்த்தெழுந்த ஆண்டவர் பசித்தவர்களுக்கு உணவு தயார் செய்து காத்திருந்தார் என்றால், ஒருவருக்கு ஊட்டிவிடுவது சின்ன வேலை என்று யார் சொல்ல முடியும்?

பவுலும் இதே இடத்துக்குத்தான் வந்து சேருகிறார். முதலாம் கொரிந்தியர் 15ஆம் அதிகாரம், 58 வசனங்கள். ஐந்நூறுக்கும் அதிகமான சகோதரர்கள் உயிர்த்தெழுந்த கிறிஸ்துவைக் கண்டார்கள், அவர்களில் அநேகர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்று எழுதுகிறார். கிறிஸ்து எழுந்திராவிட்டால் உங்கள் விசுவாசம் வீண் என்று ஒளிவுமறைவு இல்லாமல் சொல்கிறார். விதை, எக்காளம், கடைசிச் சத்துருவாகிய மரணம் என்று ஏறிக்கொண்டே போகிறவர், முடிவில் பரலோகத்தை நினைத்துக் காத்திருங்கள் என்று சொல்லியிருக்கலாம். அவர் சொல்வதோ, கர்த்தருக்குள் நீங்கள் படுகிற பிரயாசம் விருதாவாயிராது என்று. கிறிஸ்து எழவில்லை என்றால், நான் செய்வது சாவைக் கொஞ்சம் தள்ளிப்போடுவது மட்டும்தான். அவர் எழுந்ததால், நான் குளிப்பாட்டுவது தேவன் எழுப்பப்போகிற உடம்பு.

இதை நம்புவதால் முதுகுவலி போய்விடுவதில்லை. அழுகையும் வரும். இறந்துபோன நண்பன் லாசருவை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தும் இயேசு கண்ணீர் விட்டார்; ஆகவே அழுவதை அவிசுவாசம் என்று நான் எடுத்துக்கொள்வதில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் சபையிலும் இப்படி ஒருவரைப் பார்த்துக்கொண்டு வீட்டோடு இருக்கிறவர் இருப்பார். ஈஸ்டர் அன்று அதிகாலை ஆராதனைக்கு அவரை அனுப்பிவிட்டு, அவர் திரும்பும்வரை அந்தக் கட்டில் பக்கத்தில் நீங்கள் இருங்கள். எப்படிப் புரட்டுவது, எப்படி ஊட்டுவது என்று முந்தின நாளே போய்க் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.