சிலுவையைக் காட்டாத ஓவியம்

தவக்காலத்தில் ஆலயத்தில் வியாகுலப் பிரசங்கம் கேட்டுவிட்டு வந்த இரவுகளில், இயேசுவின் பாடுகளைச் சித்திரித்த பழைய ஓவியங்களை மடிக்கணினியில் பார்த்துக்கொண்டிருப்பது சில ஆண்டுகளாக என் வழக்கம். இம்முறை, இத்தாலிய ஓவியர் பொன்டோர்மோ 1525க்கும் 1528க்கும் இடையில் புளோரன்ஸின் சாந்தா பெலிசித்தா ஆலயத்துக் கப்போனி சிற்றாலயத்துக்காக வரைந்த பீட ஓவியத்தைப் பெரியம்மாவுக்குக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு நெடுநேரம் பார்த்த அவர், "சிலுவையைக் காணேல்லை, ஏணியைக் காணேல்லை, இவையள் என்ன காத்திலையே நிக்கினம்?" என்று கேட்டார்.

கலை வரலாற்றாசிரியர்களும் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். உயிரற்ற உடலைச் சிலுவையிலிருந்து இறக்குகிறார்களா, கல்லறைக்குக் கொண்டுபோகிறார்களா என்று உறுதியாகச் சொல்ல முடியாதபடி, சிலுவையையும் கல்லறையையும் விலக்கிவிட்டு ஒரேயொரு மேகத்தை மட்டும் பின்னால் விட்டிருக்கிறார் ஓவியர். முன்னால் குந்தியிருக்கும் இளைஞன் இயேசுவின் கால்களைத் தோளில் தாங்கியபடி, கால்விரல்களை மட்டும் நிலத்தில் ஊன்றியிருக்கிறான். வளர்ந்த ஒருவரின் பாரத்தை அப்படித் தாங்கவே முடியாது. ஆனால் கால்களில் காணாத அந்தப் பாரமெல்லாம், பாதி திறந்த வாயோடு எங்களை நோக்கித் திரும்பியிருக்கும் அவன் முகத்தில் இருக்கிறது. தோலோடு ஒட்டிய இளஞ்சிவப்பு உடையும், நிழல் அதிகம் விழாத நீலங்களும் துக்கத்துக்குரிய நிறங்களே அல்ல. ஆயினும் பார்க்கப் பார்க்க நெஞ்சு கனக்கிறது.

இப்படி இயல்பை மீறி வரைவது பாசாங்கு என்பது, பொன்டோர்மோவைப் போல உடலின் நிலையையும் நிறத்தையும் செயற்கையாக வளைத்துக் காட்டிய மேனரிச ஓவியர்கள்மேல் வழமையாகச் சுமத்தப்படும் குற்றச்சாட்டு. பாட்டும் மெட்டுமாக ஆடப்படும் ஈழத்துத் தென்மோடிக் கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது அவ்வளவு எளிதில் ஒப்பாது. மகனைப் பறிகொடுத்த எந்தத் தாயும் தாளத்துக்கு அழுவதில்லை. ஆனாலும் பெண்வேடமிட்ட ஆண் ஒருவர் ஒப்பாரி மெட்டில் இழுத்துப் பாடத் தொடங்கியதும், பாயில் இருக்கும் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைக்கிறார்கள். மெட்டு இருப்பதால்தான் அந்தத் துயரத்தை அத்தனை பேர் முன்னிலையில் முழுவதுமாக அழுது தீர்க்க முடிகிறது என்றே நான் நினைக்கிறேன்.

பொன்டோர்மோவைப் போலவே அந்திரேயா தெல் சார்த்தோவிடம் பயின்ற ரோஸ்ஸோ, 1521இல் இத்தாலிய நகரான வொல்த்தெராவுக்கு வரைந்த சிலுவையிறக்கம் இன்னும் கடுமையானது. அதில் ஏணிகள் உண்டு. மேலே ஆண்கள் ஒருவரையொருவர் அதட்டுவதுபோல அவசரப்படுகிறார்கள். உடலோ பச்சை படர்ந்து கிடக்கிறது. கீழே வலப்பக்கத்தில் யோவான் இரு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு குனிந்து அழுகிறார். மரத்தில் செதுக்கியவைபோல மடிந்திருக்கும் உடைகளுக்கு நடுவே, முகமே தெரியாத அந்த அழுகைதான் என்னை அதிகம் வருத்துகிறது.

எல்லா மேனரிச ஓவியங்களும் இப்படி என்னைத் தொடுவதில்லை. பொன்டோர்மோவின் மாணவர் புரொன்சினோவின், இப்போது பிரான்சின் பெசான்சோன் நகரில் இருக்கும் அதே பொருளிலான ஓவியத்தில், பளிங்குபோல மினுக்கிய உடல்களின் அழகில் துக்கம் வழுக்கிப் போய்விடுகிறது.

மடிக்கணினியை மூடப் போனபோது பெரியம்மா தடுத்து, நீல உடையில் சாய்ந்திருக்கும் மரியாளை விரலால் தொட்டுக் காட்டினார்.

"தாயின்ர மடி வெறுமையாக் கிடக்கு, பார் மோனை. இப்பதான் மடியில இருந்து தூக்கியிருக்கினம்."