ஈரத்துணிக்கு அடியில் ஐம்பது ரூபாய்

காலையில் பூ வாங்க நின்றிருந்தேன். இன்னும் போணியே ஆகவில்லை. பைக்கில் ஒருவர் வந்து, இறங்காமலே கையை நீட்டினார்.

பூக்கார அக்கா ஒன்றும் கேட்கவில்லை. கூடை மேல் போர்த்தியிருந்த ஈரத்துணியின் ஓரத்தைத் தூக்கி, நான்காக மடித்த ஐம்பது ரூபாயை எடுத்துக் கொடுத்தார்.

வீட்டிலிருந்தே மடித்துக் கொண்டுவந்த நோட்டு அது. அதுதான் என்னை உலுக்கிவிட்டது.

போகிற போக்கில் இரண்டு முழம் மல்லியும் வாங்கிக்கொண்டார். காசு கிடையாது.

"எதுக்குக்கா கொடுக்கறீங்க?"

"கொடுக்கலன்னா நாளைக்குக் கூடை நடுரோட்டுல கிடக்கும் தம்பி."

இதற்கு மாமூல் என்று பெயர். வழக்கம் என்று பொருள். கத்தியைக் காட்டிப் பிடுங்கினால் மட்டும்தான் திருட்டா?

நடைபாதை வியாபாரமும் அரசியலமைப்பு தரும் தொழில் உரிமைதான் என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது. 2014-ல் தெருவோர வியாபாரிகளுக்கென்று தனிச் சட்டமும் வந்தது. சான்றிதழ் பெற்று, அதன் விதிப்படி விற்பவரைப் போலீஸ் உட்பட யாரும் தடுக்கக் கூடாது என்கிறது அது. அக்காவிடம் சான்றிதழ் இல்லை. சான்றிதழுக்காக வியாபாரிகளைக் கணக்கெடுக்க வந்த அன்று ஊரில் இல்லையாம்.

சரி, சான்றிதழ் இல்லை. விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து, மார்க்கெட்டில் உதிரிப்பூ வாங்கி, உட்கார்ந்து கட்டிய அந்த விரல்கள் யாருடையவை? அந்த உழைப்பில் இன்னொருவருக்கு எங்கிருந்து பங்கு வந்தது?

எனக்கு ஒரு முழம் அளந்தார். முழங்கையிலிருந்து விரல் நுனி வரை. விரல் இடுக்கெல்லாம் நார் அறுத்த கீறல்.

நான் கொடுத்த நோட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "உன் கையாலதான் தம்பி இன்னிக்குப் போணி" என்றார்.