மாமாவின் இடது காது

ஆவடியில் இருக்கும் எங்கள் மாமா 1999 கார்கில் போரில் போபர்ஸ் பீரங்கியோடு நின்றவர். இப்போது யார் பேசினாலும் வலது காதைத் திருப்பி, வாயசைவையே பார்ப்பார். பீரங்கிச் சத்தத்தில் போன அந்த இடது காதுக்கு, ஓய்வு பெறும்போது மெடிக்கல் போர்டு, அதாவது ராணுவ மருத்துவர் குழு, போட்ட ஊன அளவு 20 சதவீதத்துக்கும் கீழே. 20 வரவில்லையென்றால் டிசபிலிட்டி பென்ஷன் கிடையாது, அவ்வளவுதான். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

ரத்த அழுத்தம், மனஉளைச்சல் என்றால் ‘பணியால் வந்ததல்ல’ என்று போர்டு ஒரே வரியில் எழுதி, பென்ஷனுக்கு வழியில்லாமல் செய்துவிடுவது இன்னும் கொடுமை. பணியில் சேரும்போது எடுத்த மருத்துவக் குறிப்பில் இல்லாத நோயால் ஒருவரை விடுவித்தால், அது பணியால் வந்ததாகவே கருத வேண்டும் என்று தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-லேயே சொல்லிவிட்டது.

உங்கள் வீட்டில் முன்னாள் ராணுவத்தினர் இருந்தால் அந்த போர்டு தாளைத் தேடி எடுத்து, காரணம் என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அதை எதிர்த்து முறையிட, படையினரின் பணி, பென்ஷன் வழக்குகளை விசாரிக்கும் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் கிளை சென்னையிலேயே இருக்கிறது.