மோட்டார் அதிர்வில் மின்சாரம்: ஹாக்ஸா பிளேடு சோதனை, மூன்றாவது மாதம்

எங்கள் வீட்டுத் தண்ணீர் மோட்டாரின் தகட்டில் 2880 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு 2880 சுற்று) என்று பொறித்திருக்கிறது. அறுபதால் வகுத்தால் நொடிக்கு 48 சுற்று. அந்த 48 ஹெர்ட்ஸை நம்பித்தான் இந்த வேலையில் இறங்கினேன். மூன்று மாதமாக என்னை அலைக்கழிப்பதும் அதே எண்தான்.

0.6 மி.மீ. தடிமனுள்ள ஹாக்ஸா பிளேடை ஒடித்து, ஒரு முனையை மோட்டாரின் அடிச்சட்டத்தில் இறுக்கி, மறுமுனையைக் காற்றில் விட்டேன். 10 செ.மீ. நீட்டிக்கொண்டிருந்தால் அதன் இயல்பு அதிர்வெண், அதாவது தட்டிவிட்டால் அது தானாக நொடிக்கு ஆடும் எண்ணிக்கை, ஏறத்தாழ 50 ஹெர்ட்ஸ். மோட்டாரின் அதிர்வு இதோடு ஒத்துப்போனால்தான் பிளேடு பெரிதாக ஆடும்; அதுதான் ஒத்ததிர்வு. நீளத்தை இரட்டித்தால் அது கால்பங்காகிவிடும். வளைவு அதிகமுள்ள இடம் பிடிமானத்தை ஒட்டிய பகுதி. பஸ்ஸரில் வரும் 20 மி.மீ. பீசோ வில்லையை, அதாவது வளைத்தால் மின்சாரம் தரும் வட்டத் தகட்டை, அங்கே பொருத்தினேன். முதலில் இரட்டைப்பக்க ஒட்டு நாடாவால் ஒட்டியது தவறு. நாடா மெத்தைபோல் வளைவையெல்லாம் விழுங்கிவிட்டது. எபாக்சியால் ஒட்டிய பிறகுதான் வில்லை பிளேடோடு சேர்ந்து வளைந்தது. பிறகு, மாறி மாறி வரும் மின்சாரத்தை ஒரே திசைக்குத் திருப்ப நான்கு டயோடுகள், அதைச் சேர்த்துவைக்க ஒரு 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்.

முதல் நாள் காலை, நான்கு நிமிடத்தில் 5 வோல்ட்! அதில் தேங்குவது சுமார் 6 மில்லிஜூல்தான் என்றாலும், எல்.இ.டி. பளிச்சென்று மின்னியபோது அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அன்று மாலை இருபது நிமிடம் ஓடியும் 2 வோல்ட் தாண்டவில்லை. பற்றவைப்பைச் சந்தேகித்தேன், எபாக்சியைச் சந்தேகித்தேன், எல்லாம் சரியாகவே இருந்தன. கடைசியில் கைப்பேசியை மோட்டார்மேல் வைத்து அதிர்வெண்ணை அளந்தேன். காலையில் 48.3 ஹெர்ட்ஸ், மாலையில் 47.1. மாலையில் எங்கள் தெருவில் வோல்டேஜ் இறங்கும். இண்டக்ஷன் மோட்டார் அப்போது சற்றுப் பின்தங்கிச் சுழலும். என் பிளேடு நன்றாக ஆடுவதோ ஒரு ஹெர்ட்ஸ் அகலத்துக்குள்தான். பிளேடை ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக நீட்டினால் மாலை சரியாகிறது, காலை கெடுகிறது.

ஆகவே ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்தில் மூன்று பிளேடுகளைச் சீப்புப்போல் வரிசையாகப் பொருத்தினேன். மூன்று வில்லைகளையும் நேரடியாக இணைத்தபோது, ஒற்றைப் பிளேடு தந்ததைவிடக் குறைவாகவே வந்தது. ஒத்ததிர்வைக் கடக்கும்போது பிளேடின் ஆட்டம் கட்டம் மாறுகிறது, அதாவது மேலும் கீழும் வளையும் நேரம் தள்ளிப்போகிறது. ஒன்று மேலே வளையும் நேரத்தில் பக்கத்துப் பிளேடு கீழே வளைய, ஒன்றின் மின்னூட்டத்தை மற்றது அழிக்கிறது. ஒவ்வொரு வில்லைக்கும் தனியாக நான்கு டயோடுகள் வைத்ததும் காலையில் ஆறு நிமிடம், மாலையில் ஏழு. காலையின் அந்த நான்கு நிமிடம் போய்விட்டது. எனக்கு அதில் வருத்தமில்லை. நாள் முழுதும் எவ்வளவு சேர்கிறது என்பதைத்தான் இப்போது நோட்டில் குறிக்கிறேன்.

அக்காவின் தையல் மெஷினில் இந்தச் சீப்பு உதவவில்லை. மிதியை அழுத்துவதைப் பொறுத்து நொடிக்கு 5 தையலிலிருந்து 15 வரை வேகம் மாறும். அத்தனைக்கும் பிளேடு வைக்க இடமேது? 16 செ.மீ. பிளேடின் நுனியில் ஒரு நட்டை ஒட்டி 10 ஹெர்ட்ஸுக்கு இறக்கினேன். பக்கத்தில் ரப்பர் நுனி கொண்ட திருகு ஒன்றைத் தடுப்பாக வைத்தேன். ஆடும் பிளேடு திருகில் இடிக்கும்போது அதன் விறைப்பு கூடுகிறது, அதிர்வெண்ணும் மெஷினைப் பின்தொடர்ந்து ஏறுகிறது. உச்ச வோல்டேஜ் குறைந்தது. ஆனால் 10 முதல் 13 ஹெர்ட்ஸ் வரை துள்ளல் நிற்கவில்லை.

வேகம் ஏறும்போது மட்டும்தான் அப்படி. 15-லிருந்து இறங்கி வந்தால் 11-ஐத் தொடும்வரை பிளேடு சோம்பியே கிடக்கிறது. அக்கா தைப்பதோ விட்டுவிட்டு, ஏற்றியும் இறக்கியும். நேற்று ஒரு பாவாடைக்கு விளிம்பு மடித்துத் தைத்து முடிப்பதற்குள் எல்.இ.டி. மூன்று முறை மின்னியது. திருகை இன்னும் அரை மில்லிமீட்டர் நெருக்கிப் பார்க்க வேண்டும். அடுத்த துணி ஞாயிற்றுக்கிழமை வருகிறது.